மக்கர் பண்ணிய மடக்குக்கத்தி

"நிலா விழுந்துடுச்சுங்க. பழி என் மேல விழுந்துடுச்சு" என்றாள் வந்தவள்.

ரேடியோ வாயருகே கொண்டுபோன டீயை மேஜையில் வைத்தான். "வானிலை ஆபீஸ் எதிர்க் கட்டடம்மா. இங்க நாங்க தரையில நடக்கற தப்புகளை மட்டும்தான் பார்க்கறோம்."

"அவங்க உட்காரட்டும், நீ எழுந்திரு" என்றாள் அண்ணி.

சலவைக் கடைக்கு மேலே இருந்த அந்தத் துப்பறியும் ஆபீஸில் நாற்காலிகள் மொத்தமே இரண்டு. யார் வந்தாலும் ரேடியோதான் எழுந்திருக்க வேண்டும். அவன் அண்ணியின் கணவருக்குத் தம்பி. அவன் 'அண்ணி, அண்ணி' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, கீழே சலவைக்காரர், எதிரே பழக்கடைக்காரர், போலீஸ் ஸ்டேஷன் என்று எல்லோருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். கட்டிய கணவர் ஒருவர்தான் இன்னும் அப்படிக் கூப்பிட ஆரம்பிக்கவில்லை. ரேடியோவின் பெயருக்கு விளக்கம் தேவையில்லை. அவனை அணைக்கிற பொத்தானை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

வந்தவளுக்கு முப்பது வயது இருக்கும். இடது கை முழங்கை வரை மாவுக்கட்டில் இருந்தது. கட்டின் மேல் யாரோ பேனாவால் மீசை முறுக்கிய பூனை ஒன்றை வரைந்து வைத்திருந்தார்கள்.

"நாடக அரங்குல கயிறு இழுக்கறவ நான். திரை, மேகம், மரம் எல்லாத்தையும் ஏத்தி இறக்கறது என் வேலை. சத்தமில்லாம நடப்பேன்னு பூனைன்னு கூப்பிடுவாங்க."

"சத்தமில்லாம நடந்துமா கை உடைஞ்சது?" என்றான் ரேடியோ.

"அது எங்க வீட்டுக் குளியலறையில. அங்க சத்தமாத்தான் விழுந்தேன்."

ரேடியோவுக்கு அவளை அந்த நிமிஷமே பிடித்துப்போய்விட்டது. தன் டீயை அவள் பக்கம் நகர்த்தினான்.

பூனை சொன்ன கதை இதுதான். நாளைக்குப் புது நாடகம் அரங்கேறுகிறது. அதில் ஒரு நிலாக் காட்சி. பலகையில் செய்து, வெள்ளித்தாள் ஒட்டி, உள்ளே விளக்கு வைத்த ஆள் உயர நிலா. முந்தாநாள் மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது அது அறுந்து விழுந்தது. கீழே இருந்த சிம்மாசனம் தூள் தூளாகிவிட்டது. நல்லவேளையாக ராஜா வேஷக்காரர் அப்போது சிம்மாசனத்தில் இல்லை, சாப்பாட்டு மேஜையில் இருந்தார். ஆனாலும் குற்றவாளியை வெளியே அனுப்பினால்தான் மேடை ஏறுவேன் என்று கோபித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கயிறு தானாக அறவில்லை. யாரோ வெட்டியிருந்தார்கள். பக்கச் சுவரில் கயிறு கட்டும் முளைக்குக் கீழே, திறந்தபடியே கிடந்தது ஒரு மடக்குக்கத்தி. பிடியில் நார் ஒட்டியிருந்தது. கத்தி பூனையுடையது.

"உங்க கத்தி அங்க எப்படிப் போச்சு?"

"அது எப்பவும் முளைக்கு மேல இருக்கற பலகையிலதான் இருக்கும் அண்ணி. யார் வேணும்னாலும் எடுக்கலாம். ஆனா யாரும் எடுக்க மாட்டாங்க. அது அப்படி மக்கர் பண்ணும். ரெண்டு கையாலயும் பிடிச்சு, பல்லைக் கடிச்சுக்கிட்டு இழுத்தாத்தான் திறக்கும். கை உடைஞ்சதுலேர்ந்து நானே அதைத் திறக்க முடியாம, போற வர்றவங்க கிட்ட நீட்டி, கொஞ்சம் திறந்து குடுங்கன்னு கெஞ்சிட்டு இருக்கேன்."

"ஒரு சொட்டு எண்ணெய் விட்டிருக்கலாமே?"

"விட்டிருந்தா அது இத்தனை வருஷம் என்கிட்ட இருந்திருக்குமா? நல்லாத் திறக்கற கத்தியை ஆளாளுக்கு இரவல் வாங்கிட்டுப் போயிடுவாங்க. மக்கர் பண்ணதாலதான் அது பத்திரமா இருந்துச்சு."

ரேடியோ பக்தியோடு தலையை ஆட்டினான். "இந்த ஒரு காரணத்துக்காகத்தான் எங்க அண்ணன் என் ஸ்கூட்டரைக் கேக்கறதே இல்லை."

பூனையின் முகம் வாடியது. "நேத்து மேனேஜர் கிட்ட இதைத்தான் சொன்னேன். ஒரு கையால என்னால அந்தக் கத்தியைத் திறக்கவே முடியாது, அன்னிக்கு யாரும் எனக்குத் திறந்தும் தரலைன்னு. எல்லாரும் ஆமாம்னாங்க. சரி, காலையில எல்லார் முன்னாடியும் பார்த்துடலாம்னாரு. இன்னிக்குக் காலையில டிராயரைத் திறந்து கத்தியை எடுத்தாரு. ஒத்தைக் கட்டை விரலால இப்படித் தள்ளினாரு. சர்ருனு திறந்துடுச்சு அண்ணி! நானே அசந்துட்டேன். முன்னாடியே எண்ணெய் போட்டு வச்சுக்கிட்டு, மக்கர்னு நாடகம் ஆடியிருக்கேன்னு எல்லாரும் நினைக்கறாங்க. அரங்கத்துச் சாவியை அஞ்சு மணிக்குள்ள குடுத்துட்டு வெளியே போகணுமாம். நாளைக்கு நான் ஏத்த வேண்டிய நிலாவை வேற யாரோ ஏத்துவாங்க."

வேலை போவதைவிட நிலா போவதுதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது என்பதை அண்ணி கவனித்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நிலாவை விடு. அந்த எண்ணெயைப் பார்ப்போம், வா."

*

அரங்கத்து மேனேஜர் உயரமான மனிதர். மீசை, சட்டை, பேச்சு மூன்றுமே இஸ்திரி போட்டது போல இருந்தன. இடுப்பில் சாவிக் கொத்து.

"எனக்கு யார் மேலயும் கோபம் கிடையாது அம்மா. தப்புன்னு தெரிஞ்சா நடவடிக்கை. அவ்வளவுதான்."

"கத்தி எங்கே?"

ஜன்னல் கட்டையில் இருந்தது. வெயில் நேராக அதன் மேல் அடித்தது. தலைக்கு மேல் மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது.

"முந்தாநாள்லேர்ந்து என் டிராயர்லதான் பூட்டி வச்சிருந்தேன். காலையில எல்லார் முன்னாடியும் திறந்து காட்டினதும் அங்க வச்சேன். அதுக்கப்புறம் நான் இந்த அறையை விட்டு நகரலை. யாரும் அதைத் தொடலை."

"காலையில திறந்த மாதிரியே எனக்கு ஒரு தடவை திறந்து காட்டுங்களேன்."

மேனேஜர் ஒரு வித்தைக்காரரின் மிடுக்கோடு கத்தியை எடுத்து, கட்டை விரலை அலகின் மேல் வைத்துத் தள்ளினார்.

கத்தி அசையவில்லை.

மறுபடி தள்ளினார். கட்டை விரல் வெளுத்தது. மீசை துடித்தது. கத்தி சும்மா இருந்தது.

"வலது கை சோர்ந்து போயிருக்கும், இடது கையால முயற்சி பண்ணுங்க" என்று உற்சாகப்படுத்தினான் ரேடியோ.

"காலையில வழுக்கிக்கிட்டு ஓடிச்சுங்க!" மேனேஜரின் நெற்றியில் வியர்வை. "இருபது பேர் பார்த்தாங்க!"

அண்ணி கத்தியை வாங்கி, இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். அது முனகிக்கொண்டே திறந்தது. அலகும் பிடியும் சேரும் மூட்டில் வெள்ளைக் கைக்குட்டையின் நுனியை நுழைத்துத் துடைத்தாள். கைக்குட்டையில் கொஞ்சம் புழுதி வந்தது. எண்ணெய்ப் பசை துளிகூட இல்லை.

"காலையில ஓடின கத்தி இப்ப நொண்டுது. அலகு அதேதான், பிடியும் அதேதான். நடுவுல இருந்த எண்ணெய் மட்டும் காணாமப் போயிருக்கு."

"எண்ணெய் எங்கே போகும்?" என்றார் மேனேஜர்.

"வந்த வேலை முடிஞ்சுது, கிளம்பிட்டுது" என்றான் ரேடியோ. "இந்த ஆபீஸ்ல அதுக்காவது சீக்கிரம் வீட்டுக்குப் போக முடியுதே."

அண்ணி அவனைக் கண்டுகொள்ளவில்லை. "காலையில திறந்தப்ப வேற ஏதாவது தோணுச்சா உங்களுக்கு? சத்தம், வாடை, எதுவானாலும் சரி."

மேனேஜர் தயங்கினார். "லேசா ஒரு வாடை இருந்துச்சு. மண்ணெண்ணெய் மாதிரி, ஆனா மண்ணெண்ணெய் இல்லை. அதை மோந்ததும்... சொன்னா சிரிப்பீங்க."

"நான் சிரிக்க மாட்டேன்."

"நான் சத்தியம் பண்ண முடியாது" என்றான் ரேடியோ.

"எங்க வீட்டு ஞாபகம் வந்துச்சு. வீட்டு முன்னறையில உட்கார்ந்திருக்கற மாதிரி இருந்துச்சு. ஏன்னு எனக்கே விளங்கலை."

ரேடியோ சிரித்தான். அண்ணி சிரிக்கவில்லை.

*

வராந்தாவுக்கு வந்ததும் ரேடியோ குரலைத் தாழ்த்தினான். அவனைப் பொறுத்தவரை அது மற்றவர்கள் சாதாரணமாகப் பேசும் அளவு.

"கேஸ் முடிஞ்சுது அண்ணி. டிராயர் சாவி அவர் இடுப்புல. கத்தி அவர் டிராயர்ல. எண்ணெய் வாடை அவர் வீட்டுல. மீசைக்காரர்தான்."

"அவரே எண்ணெய் போட்டிருந்தா, நான் திறந்து காட்டச் சொன்னதும் என்ன பண்ணியிருப்பார்?"

"திறந்து காட்டியிருப்பார்."

"அதுக்கு முன்னாடி?"

ரேடியோ யோசித்தான். "ஏதாவது சாக்குச் சொல்லி நம்மளை வெளிய அனுப்பிட்டு, இன்னொரு சொட்டு விட்டிருப்பார்."

"அந்த எண்ணெய் ஓடிப்போகும்னு அவருக்குத் தெரியவே தெரியாது. அதனாலதான் தைரியமா கட்டை விரலை வச்சார். வா, இந்தக் கட்டடத்துல யார் யார் கிட்ட எண்ணெய் இருக்குன்னு பார்ப்போம்."

முதலில் உடை தைக்கும் அறை. வாயில் குண்டூசிகளைக் கவ்வியபடி ராணியின் பாவாடைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்த தையற்காரம்மா, விஷயத்தைக் கேட்டதும் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திண்டில் குத்தினாள். நூல் வெட்ட அவளிடமும் ஒரு சின்ன மடக்குக்கத்தி இருந்தது. சுண்டு விரலால் தொட்டாலே திறந்தது.

"தையல் மிஷின் எண்ணெய். இந்த மூட்டுல ஒரே ஒரு சொட்டு. அப்புறம் பத்துப் பதினைஞ்சு தடவை திறந்து திறந்து மூடணும், அப்பத்தான் உள்ள இறங்கும். வெளிய வழியறதைத் துணியால சுத்தமாத் துடைச்சுடணும். விட்டா ஊர்ப் புழுதியெல்லாம் வந்து ஒட்டிக்கும்."

"எவ்வளவு நாள் தாங்கும்?"

"போன நாடகத்துக்கு முன்னாடி விட்டது. இன்னும் எப்படி ஓடுது பாருங்க."

"நான் ஒரு தடவை சமையல் எண்ணெய் விட்டேன்" என்றான் ரேடியோ.

தையற்காரம்மா அவனை மேலும் கீழும் பார்த்தாள். "அது பிசினாப் போய்க் கத்தி திறக்காம நின்னிருக்குமே?"

"கத்தி பரவாயில்லை. அதுக்கப்புறம் எறும்பு வந்துதுங்க."

ஒப்பனை அறையில் 'வாஸலின்' களிம்பு டப்பா இருந்தது. விளக்குக்காரர் கறுப்பு கிரீஸைக் காட்டினார். அதைக் காட்டும்போதே ரேடியோவின் சட்டையில் கொஞ்சம் ஆனது. சீன் வரைகிற ஓவியர், எண்ணெய் எதற்கு, பென்சில் முனையைச் சீவி அந்தத் தூளைப் போட்டாலே எந்த மூட்டும் வழுக்கும் என்றார். போட்டும் காட்டினார். வழுக்கியது, ஆனால் விரலெல்லாம் கரி.

ரேடியோ சட்டையைத் தேய்த்துக்கொண்டே வந்தான். "நாலு ரூம், நாலு மருந்து. எதைப் போட்டிருந்தாலும் கத்தி ஒழுங்கா ஓடியிருக்கும்."

"ஓடியிருக்கும். இன்னும் ஓடிக்கிட்டே இருக்கும். அதுதானே சிக்கல்?" அண்ணி நின்றாள். "எல்லா மருந்தும் மூட்டுலயே தங்குது. கிரீஸ் உன் சட்டையை விட்டே போக மாட்டேங்குது. நமக்கு வேண்டியது தங்காத எண்ணெய். இப்ப வழுக்கி, கொஞ்ச நேரத்துல காத்தோட போயிடற எண்ணெய். அப்படி ஒண்ணை யாராவது எதுக்கு வச்சுக்கப் போறாங்க?"

அப்போது மேடைப் பக்கத்திலிருந்து ஒரு டிரம்பெட் ஒலி கிளம்பியது. ஏறியது, இன்னும் ஏறியது, உச்சிக்குப் போக ஒரு அடி இருக்கும்போது கழுத்தைப் பிடித்த கோழி போலக் கீச்சென்று உடைந்தது. தொடர்ந்து நாலைந்து பேர் சிரிக்கிற சத்தம்.

"யாரையாவது கொலை பண்றாங்களா?" என்றான் ரேடியோ.

"போய்ப் பார்ப்போம்."

மேடைக்கு முன்னால் இருந்த பள்ளத்தில் வாத்தியக்காரர்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். டிரம்பெட்காரன் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தான். இளவயசு, நல்ல முகம், சரியாகத் தூங்காத கண்கள். டிரம்பெட்டின் மூன்று பொத்தான்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒரு சின்ன பிளாஸ்டிக் குப்பியிலிருந்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். தண்ணீர் போன்ற எண்ணெய்.

"இந்தப் பொத்தான் எல்லாம் மக்கர் பண்ணுமா தம்பி?" என்று அண்ணி படியில் உட்கார்ந்து சாவகாசமாகக் கேட்டாள்.

"எண்ணெய் விடலைன்னா மேலயே வராது அண்ணி. விட்டா ஜம்முனு ஓடும்." வாத்தியத்தைப் பற்றிப் பேச ஆள் கிடைத்ததில் அவன் முகம் மலர்ந்தது.

"மிஷின் எண்ணெய் விடக் கூடாதா?"

"அய்யோ, அது கனம். பொத்தான் மெதுவாப் போகும். இதுக்கு ரொம்ப லேசான எண்ணெய் வேணும். ஒரே தொல்லை என்னன்னா, இது நிக்காது. காத்துல போயிடும். அதான் தினமும் விட வேண்டியிருக்கு. வெயில்ல வச்சா ஒரு மதியம்கூடத் தாங்காது."

ரேடியோ வாயைத் திறந்தான். அண்ணியின் செருப்பு அவன் காலை மிதித்ததும் மூடிக்கொண்டான்.

"எனக்கு ஒரு சொட்டு குடேன், கைப்பை கொக்கி இறுகிக் கிடக்கு." கைக்குட்டையை நீட்டினாள். அவன் தாராளமாகவே விட்டு, தீரப்போன பழைய குப்பி ஒன்றையும் அவளிடமே கொடுத்துவிட்டான். லேசான மண்ணெண்ணெய் வாடை எழுந்தது. "எங்க தங்கியிருக்கே தம்பி? சாதகம் பண்ணினா அக்கம்பக்கத்துல சண்டைக்கு வர மாட்டாங்களா?"

"அக்கா வீட்டுலதான் அண்ணி. முன்னறையில உட்கார்ந்து ஊதுவேன். அக்காவுக்கு நான் ஊதினா பெருமை. மாமாதான் காதைப் பொத்திக்குவார்."

"மாமா என்ன பண்றார்?"

"இங்க மேனேஜரே அவர்தானே!"

ரேடியோவுக்கு இருமல் வந்தது. அடங்க வெகுநேரம் ஆயிற்று.

*

ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் எல்லோரும் மேடைக்கு வந்தார்கள். தச்சர்கள் செப்பனிட்டு முடித்த நிலா ஒரு ஓரமாகச் சுவரில் சாய்ந்து நின்றது. பூனை சாவியை வலது கையில் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். ராஜா வேஷக்காரர் சாதாரண நாற்காலியில், சிம்மாசனத்தில் உட்காரும் தோரணையோடு உட்கார்ந்திருந்தார்.

அண்ணி கத்தியை மேனேஜரிடம் கொடுத்தாள். "திறங்க."

திறக்கவில்லை. எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணி கைப்பையிலிருந்து அந்தப் பழைய குப்பியை எடுத்து, மூட்டில் ஒரு சொட்டு விட்டு, சில முறை திறந்து மூடிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"இப்ப."

கட்டை விரல் பட்டதுமே சர்ரென்று திறந்தது. காலையில் கேட்ட அதே சத்தம்.

"இந்த எண்ணெய் ஒரு மதியம்கூட நிக்காது. இன்னிக்குக் காலையில போட்டது மதியமே போயிடுச்சு, மேனேஜர் ஐயாவே சாட்சி. நிலா விழுந்தது முந்தாநாள். பூனை அதுக்கு முன்னாடி எண்ணெய் போட்டிருந்தா, இன்னிக்குக் காலையில கத்தி எப்படி ஓடும்? அதனால எண்ணெய் போட்டது நிலா விழுந்ததுக்கு அப்புறம். அதுவும் இன்னிக்குக் காலையில. அப்ப கத்தி எங்க இருந்துச்சு?"

"என் டிராயர்ல" என்றார் மேனேஜர். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது. இருபது தலைகள் அவர் பக்கம் திரும்பின. மீசை முதன்முறையாகக் கசங்கியது. "அம்மா, என்னை..."

"நீங்க இல்லை. வாடையைப் பாருங்க."

மேனேஜர் கத்தியை மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை மூடினார். "வீடு" என்றார். "எங்க வீட்டு முன்னறை. அங்கேதான் இவன்..."

கண்ணைத் திறந்தபோது அவர் பார்வை நேராகப் போய் டிரம்பெட்காரன் மேல் நின்றது.

"சாவியை ராத்திரி வீட்டுல எங்க வைப்பீங்க?" என்று அண்ணி மெல்லக் கேட்டாள்.

"சுவர் ஆணியில மாட்டுவேன்." மச்சினன் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தார். "மாப்ள, இன்னிக்கு விடியக்காலையிலயே சாதகம் பண்ணணும்னு இங்க வந்தியே. கதவைத் திறக்கணும்னு சாவி கேட்டியே. நான்தானே எடுத்துக் குடுத்தேன்?"

டிரம்பெட்காரன் ஓட முயலவில்லை. மேடையின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டான்.

"வேணும்னு செய்யலை மாமா. வந்து... நிலாவை வேணும்னுதான் செஞ்சேன். அவங்களை மாட்டி விடணும்னு நினைக்கலை."

"நிலா உன்னை என்னடா பண்ணுச்சு?"

"அது ஏறுறப்ப நான்தானே தனியா ஊதணும்? அந்த உச்சி சுரம் எனக்கு வரவே மாட்டேங்குது. ஒவ்வொரு ஒத்திகையிலயும் உடையுது, எல்லாரும் சிரிக்கறாங்க. நிலா உடைஞ்சா அந்தக் காட்சியையே எடுத்துடுவீங்கன்னு நினைச்சேன். யாரும் இல்லாத நேரம் பார்த்து வெட்டினேன். பலகையில அந்தக் கத்திதான் இருந்துச்சு. திறக்கறதுக்குள்ள நகம் பேந்துடுச்சு. நீங்க என்னடான்னா அன்னிக்கே தச்சரைக் கூப்பிட்டு நிலாவை ஒட்டச் சொல்லிட்டீங்க."

சிரிக்கக் கூடாது என்று ரேடியோ கன்னத்தை உள்பக்கமாகக் கடித்துக்கொண்டான்.

"அப்புறம் நேத்து, ஒரு கைக்காரங்களால முடியாதுன்னா ரெண்டு கை உள்ளவங்க யாருன்னு எல்லாரும் பேச ஆரம்பிச்சாங்க. எனக்கு உதறல் எடுத்துடுச்சு. பையில இந்தக் குப்பிதான் இருந்துச்சு."

"ஊத முடியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சுரத்தைக் கீழ இறக்கியிருப்போமேடா!" மேனேஜர் கத்தினார். "நிலாவுக்கு எந்த சுரம்னு எவனுக்குடா தெரியும்?"

"அக்கா தெரு முழுக்கச் சொல்லி வச்சிருக்கு மாமா. என் தம்பிதான் தனியா ஊதறான்னு. பக்கத்து வீட்டுக்காரங்களை எல்லாம் கூட்டிட்டு வருது. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு சொல்றது?"

மேனேஜர் மெதுவாகப் பூனையின் முன்னால் போய் நின்றார். நடவடிக்கை என்ற சொல்லை அத்தனை சுலபமாகச் சொல்கிற மனிதருக்கு, அடுத்த சொல் தொண்டையிலேயே நின்றது. அந்தக் கத்தியைவிட அது அதிகமாக மக்கர் பண்ணியது.

"மன்னிச்சுடும்மா" என்றார் கடைசியில். "உன்னை நான் ஒரு வார்த்தைகூட நம்பலை. சாவி உன்கிட்டயே இருக்கட்டும். இவனை என்ன செய்யணும்னு நீயே சொல்லு. போலீஸ்னு சொன்னாலும் நானே கூட்டிட்டுப் போறேன்."

பூனை டிரம்பெட்காரனைப் பார்த்தாள். கோபம் இருந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை.

"காலையில எல்லாரும் என்னைத் திருடியைப் பார்க்கற மாதிரி பார்த்தாங்க. நீயும் அந்தக் கூட்டத்துலதான் நின்னே. என் முகத்தைப் பார்க்காம உன் செருப்பைப் பார்த்துட்டு நின்னே. அப்பவே நினைச்சேன், இவன் ஒருத்தன்தான் எனக்காக வருத்தப்படறான்னு." அவள் மூச்சு விட்டாள். "போலீஸ் வேண்டாம். நாளைக்கு ஊதறதுக்கு ஆள் வேணும். ஆனா உங்க அக்கா கிட்ட நீயே போய் எல்லாத்தையும் சொல்லணும். இன்னிக்கே."

டிரம்பெட்காரனின் முகத்தில் இருந்த கொஞ்ச ரத்தமும் வடிந்துவிட்டது. "போலீசே பரவாயில்லையே" என்றான் பரிதாபமாக.

மேனேஜர் அவன் தோளில் கை வைத்தார். "வா மாப்ள. நானும் வரேன். எனக்கும் பயமாத்தான் இருக்கு."

*

மறுநாள் மாலை, திரை தூக்குவதற்கு முன்பு மேனேஜரின் மனைவி வந்தாள். குள்ளமான, பருத்த பெண்மணி. அவள் நடந்து வந்த வேகத்தில் மேடைப் பலகைகள் அதிர்ந்தன. பின்னால் புருஷன், அவருக்கும் பின்னால் தம்பி.

"யாரு இங்க பூனை?"

பூனை கயிற்று முளைகளின் பக்கத்திலிருந்து முன்னால் வந்தாள். அண்ணியும் ரேடியோவும் முன்வரிசை டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார்கள்.

மேனேஜரின் மனைவி பூனையின் மாவுக்கட்டை இரண்டு கைகளாலும் தாங்கிப் பிடித்தாள். கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

"நான் ஊரெல்லாம் பீத்திக்கிட்டதுக்கு உனக்குப் பழி வந்துடுச்சேம்மா. என் வாய்தான் காரணம். மனசுல வச்சுக்காதே." பிறகு தம்பி பக்கம் திரும்பினாள். நீரெல்லாம் எங்கோ போய்விட்டது. "டேய்! இந்தக் கட்டுப் பிரிக்கற வரைக்கும் இவளோட இடது கை நீதான். வாத்தியம் ஊதற நேரம் போக, இவ எங்கே நிக்கச் சொல்றாளோ அங்கே நிக்கறே. எதை இழுக்கச் சொல்றாளோ அதை இழுக்கறே. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுக்கா."

"எங்கிட்ட சொல்லாதே. கை பேசுமா?"

அன்று நாடகம் முழுக்கக் காட்சிக்குக் காட்சி டிரம்பெட்காரன் பள்ளத்துக்கும் முளைக்கும் நடுவே ஓடிக்கொண்டே இருந்தான். பூனை விரலை அசைத்தால் மேகத்தை இறக்கினான். கண்ணைக் காட்டினால் மரத்தை ஏற்றினான். நிலாக் காட்சி வந்தபோது தச்சர் ஒருவர் கயிற்றைப் பிடிக்க, அவன் மூச்சு வாங்க இறங்கிப் போய் டிரம்பெட்டை எடுத்தான். கீழே இறக்கிய சுரம்தான். ஓடி ஓடிக் களைத்ததில் பயப்படக்கூட அவனுக்குத் தெம்பு இல்லை. ஒலி உடையாமல், நீளமாக, இதமாக எழும்பியது. பூனை ஒற்றைக் கையைக் கயிற்றில் வைத்து வேகத்தை அளந்துவிட, நிலா அதே நிதானத்தில் மேலே போனது.

முன்வரிசையில் மேனேஜரின் மனைவி முழுத் தெருவையும் பக்கத்தில் உட்கார வைத்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி அவள் தோளைத் தட்டி, "உன் தம்பியா ஊதறது?" என்றாள்.

அவள் மேடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அது கிடக்கட்டும். மேல பாரு, அந்தப் பொண்ணு நிலாவை எப்படி ஏத்தறான்னு."